கொடி ஏறிய குன்று

ரமல்லாவை ஒட்டிய அல்-பீரே நகரத்தின் கிழக்கு ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், குன்றின் உச்சியில் சிவப்பு ஓட்டு வீடுகள் வரிசை பிடித்து நிற்பது தெரியும். அதுதான் ப்சாகோட். எபிரேயத்தில் அதற்குச் 'சிகரங்கள்' என்று பொருள். அரபு மக்களுக்கு அது ஜபல் அத்-தவீல், நீண்ட மலை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம். 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக்கரையில் 1981-இல் அமைந்த யூதக் குடியேற்றம் இது. இன்று அங்கே ஏறத்தாழ 2,000 பேர் வாழ்கிறார்கள். அல்-பீரேயின் மாடி வீடுகளுக்கும் குடியேற்றத்தின் கடைசி வீட்டுக்கும் இடையே இருப்பது கூப்பிடு தூரம்தான். ஆனால் இங்கிருந்து அங்கே நடந்துபோக வழி கிடையாது. 2000-இல் வெடித்த இரண்டாம் பாலஸ்தீன எழுச்சியான இன்திபாதாவின்போது அந்த இடைவெளியைத் துப்பாக்கிக் குண்டுகள் மட்டுமே கடந்தன. இவ்வளவு சிறிய ஊரின் பெயர் உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் ஒயின். 'ப்சாகோட்' என்று பெயர் ஒட்டிய புட்டிகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. அந்தப் புட்டியைப் பார்ப்பவருக்கு, திராட்சை பயிரிட்டு, பிழிந்து, விற்றுப் பிழைக்கும் ஒரு மலைக் கிராமத்தின் சித்திரம் மனதில் எழும். அந்தச் சித்திரம் பாதிக்கு மேல் தவறு. ஊர் திராட்சையால் பிழைக்கவில்லை. ஊரின் பிழைப்பு சாலையிலும் அரசாங்கத்தின் கஜானாவிலும் இருக்கிறது. திராட்சைக்கு அங்கே வேறு வேலை.

முதலில் பிழைப்பைப் பார்ப்போம். மேற்குக்கரையில், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல், சுமார் 5 லட்சம் இஸ்ரேலியர்கள் குடியேறியிருக்கிறார்கள். அவர்களில் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் காரை எடுத்துக்கொண்டு ஜெருசலேமுக்கோ டெல் அவீவ் பக்கமோ போய் மாலையில் திரும்புகிறவர்கள். ஊருக்குள்ளேயே சம்பாதிப்பவர்களில் கணிசமானோர் ஆசிரியர்கள், மழலையர் பள்ளி ஊழியர்கள், உள்ளாட்சி அலுவலர்கள், பாதுகாப்புப் பொறுப்பாளர்கள், அதாவது பொதுப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். ப்சாகோட்டில் இது இன்னும் வெளிப்படை. சுற்றுவட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்ட குடியேற்றங்களை நிர்வகிக்கும் மாத்தே பின்யாமின் வட்டார மன்றத்தின் தலைமை அலுவலகமே இந்தக் குன்றின் மேல்தான் இருக்கிறது. ஒரு தாலுகா அலுவலகத்தைச் சுற்றி எப்படி ஒரு ஊரின் வரவுசெலவு ஓடுமோ அதைப் போலத்தான். இத்தகைய ஊர்களுக்கு எபிரேயத்தில் 'சமூகக் குடியிருப்பு' என்று ஒரு தனிப் பெயர் உண்டு. கிப்புட்ஸ் மாதிரி கூட்டாக உழைத்துக் கூட்டாக உண்ணும் அமைப்பு அல்ல. ஒரே மனப்போக்குள்ள குடும்பங்கள் சேர்ந்து வசிக்கும் புறநகர் என்றால் சரியாக இருக்கும். இந்தப் புறநகர் சாத்தியமாவதற்கு முதல் நிபந்தனை, 60-ஆம் எண் நெடுஞ்சாலையும் அதன் கிளைச் சாலைகளும். ஜெருசலேமை அரை மணி நேரத்தில் தொட முடியாவிட்டால் இங்கே வீடு வாங்க எத்தனை பேர் வருவார்கள் என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது நிபந்தனை சலுகை. 'தேசிய முன்னுரிமைப் பகுதிகள்' என்று இஸ்ரேல் அரசு ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. அதில் இடம்பெறும் ஊர்களுக்கு வீட்டு மனைக் குத்தகையில் தள்ளுபடி, கட்டுமான வசதிக்கு உதவி, ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை, தொழிற்பேட்டைகளுக்கு முதலீட்டு மானியம் என்று பல வகையில் ஆதாயம் கிடைக்கும். மேற்குக்கரைக் குடியேற்றங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு வகையில் அந்த வரைபடத்துக்குள் வந்துவிடுகின்றன. இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும்: கலிலேயாவுக்கும் நெகேவ் பாலைக்கும் இதே சலுகைகள் உண்டே, குடியேற்றங்களை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சலுகைக்கு அடிப்படை தொலைவு. தலைநகரிலிருந்தும் வேலைவாய்ப்பிலிருந்தும் எட்டியிருப்பவர்களுக்கு அது ஈடுகட்டல். ப்சாகோட் எதிலிருந்தும் எட்டி இல்லை. அது முன்னுரிமை பெறுவது பாதுகாப்பு, தேச நலன் என்ற கணக்கில். அப்படியானால் அங்கே ஒரு குடும்பம் வசிப்பதையே அரசு ஒரு சேவையாகக் கருதி அதற்கு விலை கொடுக்கிறது என்றாகிறது. காவலுக்கு நிற்கும் ராணுவத்தின் செலவு எந்த ஊராட்சிக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி திராட்சை. அந்த மலைத்தொடரின் மண் ஒயினுக்கு உகந்தது என்பதில் ஐயம் வேண்டாம். சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் செம்மண், குளிர்காலத்தில் மழை, கோடையில் பகல் வெயிலும் இரவுக் குளிரும். கேபர்னே சாவின்யோன் போன்ற பிரெஞ்சு வகைகள் அங்கே நன்றாக வருகின்றன. ப்சாகோட் ஒயின் ஆலை 2003-இல் தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் பீப்பாய்களை வைத்தது பழங்காலக் குகை ஒன்றில். புட்டியின் முகப்பில் இருப்பது ரோமுக்கு எதிரான யூதக் கிளர்ச்சிக் காலத்து நாணயம் ஒன்றின் படம். சரக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே வாங்குபவரின் கையில் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைக் கொடுத்துவிடும் சாமர்த்தியம் அது. ஆலை இப்போது குன்றைவிட்டு இறங்கி, ஷாஅர் பின்யாமின் தொழிற்பேட்டையில் பெரிய வரவேற்பு மண்டபத்துடன் இயங்குகிறது. ஆண்டுக்குப் பல லட்சம் புட்டிகள், அவற்றில் பெரும்பகுதி ஏற்றுமதி. முதலீட்டில் அமெரிக்கப் பணமும் உண்டு. ஆலைக்காரருக்கு லாபம் வரலாம், வரட்டும். அது 2,000 பேர் கொண்ட ஊருக்குச் சோறு போடுகிறது என்று சொல்வதற்கில்லை.

திராட்சைக்கொடி அவசரக்காரர்களுக்கான பயிரும் அல்ல. யூத மத விதிப்படி நட்ட முதல் மூன்று ஆண்டுகளின் கனியைத் தொடக்கூடாது. நான்காம் ஆண்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு தரும் ஷ்மிட்டா ஆண்டு வேறு. கம்பிப் பந்தலும் சொட்டுநீர்க் குழாயும் போட்டு, வருமானம் இல்லாமல் நான்காண்டு காத்திருக்கக் கையில் முதல் வேண்டும். அறுவடைக் கூலியைக் குறைக்கவும் சில தோட்டங்களுக்கு வழி கிடைத்திருக்கிறது. ஹாயோவெல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு, மேற்குக்கரையின் வடபகுதியான சமாரியாவின் மலைகளில் மறுபடி திராட்சை நடப்படும் என்ற விவிலிய வாக்கு தங்கள் கண் முன்னே நிறைவேறுவதாக நம்பும் தன்னார்வலர்களைக் கூட்டிவருகிறது. நாப்லுஸ் அருகே ஹார் பிராகா போன்ற குடியேற்றங்களில் அவர்கள் கூலி வாங்காமல் கொடி கவ்வாத்து செய்கிறார்கள், குலை வெட்டுகிறார்கள். நிலத்துக்குச் சந்தை விலை இல்லை, கூலிக்குச் சந்தை விலை இல்லை, காவலுக்கு விலையே இல்லை. இப்படி நடக்கும் ஒரு விவசாயத்தை லாப நட்டக் கணக்கு மட்டும் வைத்து விளங்கிக்கொள்ள முடியாது.

அப்படியானால் கொடி எதற்கு? விடை நிலச் சட்டத்தில் இருக்கிறது. குடியேற்றங்களுக்காகத் தனியார் நிலத்தை ராணுவத் தேவை என்று சொல்லி எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு 1979-இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் எலோன் மோரே வழக்கில் தடை போட்டது. அதன்பின் அரசு வேறு வழியைப் பிடித்தது. 1858-ஆம் ஆண்டின் உதுமானிய நிலச் சட்டப்படி, ஒரு வகை நிலத்தைத் தொடர்ந்து பத்தாண்டு உழுதவருக்கு அதில் அனுபவ பாத்தியதை உண்டு. மூன்றாண்டு தரிசாகப் போட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஜோர்டான் ஆட்சியில் நடந்துவந்த பட்டா பதிவு, மேற்குக்கரையின் மூன்றில் ஒரு பங்கு நிலத்தோடு நின்றுபோனது. 1968-இல் இஸ்ரேல் ராணுவ ஆணை ஒன்று அதை நிறுத்திவைத்தது. ஆக, பெரும்பகுதி நிலத்துக்குப் பட்டா இல்லை. யார் உழுதார் என்பதே அங்கே சாட்சி. மலைச்சரிவில் பாறை துருத்தி நிற்கும் இடங்களை 'உழப்படாதது' என்று வான்படம் காட்டினால் அது அரசுப் புறம்போக்காகிவிடும். இந்தச் சட்டத்தின் கீழ் பயிர் என்பது விளைச்சல் மட்டுமல்ல, கைப்பற்று. தமிழில் கொடி என்ற ஒரே சொல் படர்வதற்கும் பறப்பதற்கும் பொதுவாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் ப்சாகோட் சரிவுகளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இது எதிர்த்தரப்பு மட்டும் சொல்லும் குற்றச்சாட்டு என்று தள்ளிவிட முடியாது. குடியேற்றங்களின் நிலப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் கெரெம் நவோட் என்ற இஸ்ரேலிய அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வு, குடியேற்றக்காரர்களின் கட்டடங்கள் பிடித்திருக்கும் பரப்பைவிட அவர்களின் பயிர் பிடித்திருக்கும் பரப்பு அதிகம் என்று காட்டியது. அதே கணக்கைக் குடியேற்ற இயக்கமும் போடுகிறது. அதன் கட்டுமான அமைப்பான அமானாவின் தலைவர் ஸேவ் ஹேவர் 2021-இல் வெளிப்படையாகவே பேசினார்: ஐம்பது ஆண்டுக்கும் மேலாக வீடு கட்டியும் பிடித்த நிலம் சுமார் 100 சதுர கிலோமீட்டர்தான், மேய்ச்சல் பண்ணைகளோ சில ஆண்டுகளிலேயே அதன் இரு மடங்கை நெருங்கிவிட்டன என்பது அவர் பேச்சின் சாரம். ஒரு குடும்பம், ஒரு மந்தை, சில இளைஞர்கள். ஆடு போகும் தூரம் வரை நிலம். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் திராட்சைத் தோட்டம் இதே உத்தியின் நாகரிகமான வடிவம்.

இதற்கு இரண்டு பலமான மறுப்புகள் உண்டு. ஒன்று, அந்த மண்ணோடு யூதர்களுக்கு உள்ள தொன்மையான பந்தம். அந்த மலைகளில் பழங்காலத் திராட்சை ஆலைகள் பாறையில் வெட்டிய தொட்டிகளாக இன்றும் கிடக்கின்றன. பந்தம் கற்பனை அல்ல. ஆனால் ஒரு மக்களின் நினைவு வேறு, ஒரு குடும்பத்தின் வயல் வேறு. ப்சாகோட்டைச் சுற்றியுள்ள நிலத்தில், சில திராட்சைத் தோட்டங்கள் உட்பட, தங்கள் பூர்விகச் சொத்து இருப்பதாக அல்-பீரே குடும்பங்கள் சொல்கின்றன. அவர்களிடம் 'எங்கள் முன்னோர் இங்கே இருந்தார்கள்' என்று பதில் சொன்னால் அது அவர்களின் சொத்துரிமைக் கேள்விக்கு விடையாகாது. தவிர, அங்கே திராட்சை இடையில் அற்றுப்போய் இப்போதுதான் மீண்டும் துளிர்க்கிறது என்பதும் சரியல்ல. இஸ்லாமிய ஆட்சிக் காலத்தில் மது வடிப்பது குறைந்ததே தவிர, கொடி எங்கும் போய்விடவில்லை. ஹெப்ரோன் பக்கத்துப் பாலஸ்தீன விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை வளர்த்து உலர்த்துகிறார்கள், சாற்றைக் காய்ச்சித் 'திப்ஸ்' என்ற பாகாக்குகிறார்கள். பெத்லகேம் அருகே கிரெமிசான் மடத்தில் 1885 முதல் ஒயின் வடிக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு வேலைவாய்ப்பு. குடியேற்றத் தொழிற்பேட்டைகளில் பாலஸ்தீனர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். ரமல்லாவில் கிடைப்பதைவிடக் கூலி அதிகம். ஷாஅர் பின்யாமினில் உள்ள ராமி லெவி பேரங்காடியில் குடியேற்றக்காரரும் பாலஸ்தீனரும் ஒரே வரிசையில் நின்று பில் போடுவதைச் சக வாழ்வின் சான்றாகக் காட்டுவார்கள். மிஷோர் அதுமீம் தொழிற்பேட்டையிலிருந்த சோடாஸ்ட்ரீம் தொழிற்சாலை 2015-இல் நெகேவுக்கு இடம்பெயர்ந்தபோது நூற்றுக்கணக்கான பாலஸ்தீனர்கள் வேலை இழந்தது உண்மை. இஸ்ரேலியப் பொருள்களைப் புறக்கணிக்கக் கோரும் இயக்கத்தினர் அதை எளிதாகக் கடந்துபோனது எனக்குச் சரியாகப் படவில்லை. கூலி வாங்கியவரின் இழப்பு இழப்புதான். ஆனாலும் அந்த வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும். குடியேற்றங்களில் வேலை செய்யும் பாலஸ்தீனருக்கு 1965-ஆம் ஆண்டு ஜோர்டான் சட்டம் பொருந்துமா, இஸ்ரேலியத் தொழிலாளர் சட்டம் பொருந்துமா என்ற கேள்விக்கே 2007-இல்தான் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: இஸ்ரேலியச் சட்டம். நாற்பது ஆண்டு கழித்து. வேலைக்கு வர ராணுவம் தரும் அனுமதிச் சீட்டு வேண்டும். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவை ஒரே அடியில் செல்லாமல் போயின. ஒயினுக்கென்று இன்னொரு விசித்திரமும் உண்டு. கோஷர் எனப்படும் யூத உணவு விதிப்படி, திராட்சை பிழியப்பட்டதிலிருந்து புட்டி மூடப்படும் வரை, கொதிக்க வைக்காத ஒயினை மதக் கட்டுப்பாடுள்ள யூதர் மட்டுமே கையாளலாம். தோட்டத்தில் வேலை செய்த அரபுக்காரர் ஆலைக்குள் பீப்பாயின் குழாயைத் திறக்க முடியாது.

கூலி அதிகம் என்பதும் எதோடு ஒப்பிட்டு என்று கேட்க வேண்டிய வாதம். மேற்குக்கரையின் ஏறத்தாழ 60 சதவீதம் 'சி மண்டலம்'. கட்டட அனுமதியும் நிலமும் நீரும் அங்கே இஸ்ரேலின் கையில். அந்தக் கட்டுப்பாடுகள் விலகினால் பாலஸ்தீனப் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 340 கோடி டாலர் கூடுதல் மதிப்பு கிடைக்கும் என்று உலக வங்கி 2013-இல் கணக்கிட்டது. 2011-இன் பாலஸ்தீன மொத்த உற்பத்தியில் அது 35 சதவீதம். தன் நிலத்தில் தொழில் தொடங்க முடியாதவருக்கு அடுத்தவர் தோட்டத்தின் கூலி உயர்வாகத் தெரிவதில் வியப்பென்ன?

இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான ஊர் ஒன்று அதே மலைத்தொடரில், ரமல்லாவுக்கு வடகிழக்கே இருக்கிறது. தய்பே. பாலஸ்தீனக் கிறிஸ்தவக் கிராமம். இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனருக்கும் இடையிலான ஆஸ்லோ ஒப்பந்தம் தந்த நம்பிக்கையில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய கூரி குடும்பம் 1994-இல் அங்கே பீர் ஆலை தொடங்கியது. 2013-இல் ஒயினும் சேர்ந்தது. அதே சுண்ணாம்புப் பாறை, அதே குளிர் இரவு, அதே துறைமுகம். வேறுபாடு வழியில் இருக்கிறது. ப்சாகோட் புட்டிகளை ஏற்றிய லாரி நெடுஞ்சாலையில் நேரே துறைமுகம் போகும். தய்பே சரக்கு, பாலஸ்தீனச் சரக்குக்கென்று ஒதுக்கிய சோதனைச் சாவடிக்குச் சுற்றிப்போய், அங்கே இறக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, இஸ்ரேலிய எண் பலகை உள்ள வேறு லாரியில் ஏற வேண்டும். கோடை வெயிலில் பாதுகாப்புப் பொருள் சேர்க்காத பீர் எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பது ஆலைக்காரர் போட வேண்டிய கணக்கு. இரண்டு ஊர்களிலும் உழைப்பு உண்டு, தொழில்நுட்பம் உண்டு, ருசியும் உண்டு. எந்த ஊரின் பொருளாதாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்வது அந்தச் சாவடி.

ஐரோப்பாவில் நடந்த லேபிள் வழக்குகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். இஸ்ரேலுக்குத் தரும் சுங்கச் சலுகை குடியேற்றப் பொருளுக்குக் கிடையாது என்பதால், 2005 முதல் ஏற்றுமதிச் சரக்கில் உற்பத்தி இடத்தின் அஞ்சல் குறியீட்டெண்ணை எழுத வேண்டும். சுங்க அதிகாரி அந்த எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடுவார். சோடா இயந்திரம் இறக்குமதி செய்த ப்ரிட்டா என்ற ஜெர்மன் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2015-இல் ஐரோப்பிய ஆணையம், பொருளின் மேல் வாங்குபவருக்கும் தெரியும்படி இடத்தைக் குறிக்க வேண்டும் என்றது. மறு ஆண்டு பிரான்ஸ் அதை நடைமுறைப்படுத்தியபோது ப்சாகோட் ஆலையே நீதிமன்றம் போனது. 2019 நவம்பர் 12-இல் வந்த தீர்ப்பு ஆலை எதிர்பார்த்ததற்கு நேர்மாறு: 'மேற்குக்கரை' என்று மட்டும் எழுதினால் போதாது, 'இஸ்ரேலியக் குடியேற்றம்' என்பதும் இருக்க வேண்டும், ஏனெனில் வாங்குபவரின் மனசாட்சிக்கு அந்தத் தகவல் தேவைப்படலாம். உலகில் எத்தனையோ தகராறுப் பிரதேசங்கள் இருக்க யூதர்களின் ஒயினுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று இஸ்ரேல் கோபப்பட்டது. 2019-இல் அந்தக் கேள்விக்கு வலு இருந்தது. 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம், மொராக்கோவின் பிடியிலுள்ள மேற்கு சஹாராவின் முலாம்பழத்திலும் தக்காளியிலும் 'மேற்கு சஹாரா' என்றே எழுத வேண்டும் என்று சொன்ன பிறகு அந்த வலு வெகுவாகக் குறைந்துவிட்டது.

லேபிளால் விற்பனை சரிந்து ஆலை படுத்துவிடவில்லை. வாங்குபவர்களில் பலர் அந்தக் குன்றுக்காகவே வாங்குகிறவர்கள். 2020 நவம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ ஆலைக்கே வந்தார். ஒரு குடியேற்றத்துக்கு அதிகாரபூர்வமாக வருகை தந்த முதல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அவர்தான். ஆலையின் சிவப்பு ஒயின் ஒன்றுக்கு அதற்கு முன்பே அவர் பெயர் சூட்டியிருந்தார்கள். அன்றைக்கே அவர் அறிவித்தபடி அமெரிக்கச் சுங்க விதி மாறியது. சி மண்டலத்தில் உற்பத்தியாகும் பொருளுக்கு 'இஸ்ரேல்' என்று எழுத வேண்டும். பாலஸ்தீனர்கள் குடிமை நிர்வாகம் நடத்தும் ஏ, பி மண்டலங்களிலிருந்து வருவதற்கு 'மேற்குக்கரை'. தய்பே ஊர் பி மண்டலத்தில் இருக்கிறது. ஆக, ஒரே மலைத்தொடரின் இரண்டு புட்டிகள் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கும்போது அந்த விதிப்படி இரண்டு தேசங்களிலிருந்து வந்தவை. பாரிஸ் கடையிலோ ப்சாகோட் புட்டிக்கு மூன்றாவதாக ஒரு பெயர்.